மாத்து சார்

மாத்து சாருக்கு ஆண்டுக்கு இரண்டே பருவம்தான்: வாங்கும் பருவம், துறக்கும் பருவம். முதலாவது ஆடித் தள்ளுபடியில் தொடங்கி, தீபாவளி போனஸ் கரையும்வரை நீடிக்கும். இரண்டாவது போகிக்கு முதல் நாள் பிறந்து, கிரெடிட் கார்டு பில் வரும் தேதிகளில் தீவிரமடையும். சித்திரை வெயில் ஏறி ஏ.சி. விளம்பரங்கள் வர ஆரம்பித்ததும் துறவு தானாகக் கலைந்துவிடும். இடையில் கிடைக்கும் நாட்களில் அவர் நம் வீட்டுப் பொருள்களைக் கவனிப்பார்.

இவரை உங்களுக்கும் தெரியும். குரோம்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தில் மேல் மாடியில் இருக்கிறார். மதுரையிலும் கோவையிலும் வேறு வேறு இனிஷியலுடன் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் வெளியூரில். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. அதாவது, யோசிக்க நேரமும் செலவழிக்கக் காசும் ஒரே சமயத்தில் கைக்கு வந்து சேரும் ஆபத்தான வயது. லிஃப்டில் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார். நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். தண்ணீர் பாட்டிலோ, குடையோ, செருப்போ, எதுவானாலும் ஒரே தீர்ப்பு: "இதை மாத்திடுங்க சார்." பெயர் அப்படி வந்ததுதான்.

எல்லாம் தண்ணீரில் தொடங்கியது. சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார். கொலுவுக்கு அழைத்தால் சுண்டலை வாங்கிக்கொண்டு, கூடவே கொடுத்த தண்ணீரில் மீட்டரை விடுவார். "அறுநூத்தி நாப்பது காட்டுது சார்" என்று அவர் சொல்லும் தொனியில், வீட்டுக்காரர்களுக்குச் சர்க்கரை அளவு நினைவுக்கு வந்து வயிறு கலங்கும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. அது அவருக்கும் தெரியும். ஆனால் மீட்டர் வாங்கியவருக்கு எண் சின்னதாக இருந்தால் மட்டுமே திருப்தி. ஆர்.ஓ. மெஷின் மாட்டினார்; 40-க்கு இறங்கியது. ஊருக்கெல்லாம் காட்டினார். அடுத்த மாதமே, "தாதுச் சத்து ஒண்ணும் இல்லாத தண்ணி எலும்புக்கு ஆகாது" என்று யாரோ சொல்ல, தாது சேர்க்கும் காட்ரிட்ஜ் ஒன்றையும் மாட்டினார். உள்ளதை எடுக்க ஒரு மெஷின், எடுத்ததைத் திரும்பப் போட ஒரு குழாய். வடிகட்டிக் கழித்த தண்ணீர் மட்டும் சமையலறைத் தொட்டி வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தை பிறந்ததும் மெஷின் மூலைக்குப் போய், அந்த இடத்தில் வெட்டிவேர் போட்ட மண்பானை வந்து உட்கார்ந்தது.

மின்விசிறி விஷயத்தில் அவர் கணக்கு சரிதான். அதை மறுக்க முடியாது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 28 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் சுற்றினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சம். இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 34 யூனிட். நியாயமான மாற்றம். பிறகு ரிமோட் தொலைந்தது. பழைய ரெகுலேட்டரை அவரே கழற்றி எடுத்திருந்தார். கடைசியாக அழுத்தியிருந்த வேகம் ஐந்து. அன்று முதல் கூடத்தில் மார்கழி மாதத்திலும் ஐந்தாம் வேகம்தான். அவர் அம்மா காதில் மஃப்ளர் கட்டிக்கொண்டு சீரியல் பார்க்கிறார். மின்சாரம் மிச்சமாகிறது.

துறக்கும் பருவத்தில் முதலில் போவது செல்போன். "இதுதான் சார் மனுஷனை அடிமை ஆக்குது" என்று சொல்லிவிட்டு, பட்டன் போன் ஒன்றுக்கு மாறினார். 2003-ல் நோக்கியா 1100 வந்தபோது டார்ச் அடித்துக் காட்டிப் பெருமைப்பட்ட தலைமுறை அல்லவா, பட்டனை அழுத்தும்போது முகத்தில் பழைய பிரகாசம் வந்தது. ஆனால் கீரைக்காரம்மா தராசுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டையை நீட்டினார். சில்லறை இல்லை. மனைவிக்குப் போன் போட்டு, "நம்பர் சொல்றேன், அறுபது ரூபா அனுப்பிடு" என்றார். சிலிண்டர் வந்தால் ஓ.டி.பி. மனைவி போனுக்கு. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் லாரித் தண்ணீர் எப்போது வருகிறது என்று கேட்க மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்கி வருவார். அவர் விடுதலை அடைந்த காலத்தில் எங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும் அவருக்குச் செல்போனாக வேலை பார்த்தோம்.

அடுத்தது படுக்கை. ஸ்பிரிங் மெத்தை, அதற்குப் பிறகு முதுகெலும்புக்கு ஏற்ற மெத்தை, அதற்கும் பிறகு அழுத்தினால் கைத்தடம் பதியும் மெமரி ஃபோம் என்று ஏறிக்கொண்டே போனவர், ஒரு நாள் சட்டென்று தரைக்கு வந்துவிட்டார். தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் நெய்த கோரைப்பாய். நல்ல பாய், பட்டுத் துணிபோல மடியும். ஆனால் பாய்க்கு எழுந்திருக்கத் தெரிந்த முட்டியும் கூடவே வேண்டும். காலையில் நாற்காலியின் கால், கட்டிலின் கால், மனைவியின் தோள் என்று மூன்று நிலைகளில் எழுந்து நிற்பார். மெத்தையை என்ன செய்தார்? பாய் உயரம் போதவில்லை என்று அதைப் பாய்க்கு அடியில் போட்டுக்கொண்டார்.

வீட்டை ஒழிக்கும் கலைக்கு அவருக்கு ஜப்பானில் ஒரு குரு உண்டு: மாரி கோண்டோ. அந்த அம்மாளின் புத்தகம் 2011-ல் ஜப்பானில் வந்தது. 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தபோதுதான் மேல் மாடியை எட்டியது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்க வேண்டும். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். மாத்து சார் மனைவியின் அலமாரியிலிருந்து ஆரம்பித்தார். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் கண்ணை மூடி நிற்க, "அதில துவரம்பருப்பு இருக்கு, கீழ போட்றாதீங்க" என்றார் அந்த அம்மா. பிறகு சலனமே இல்லாமல் பீரோவிலிருந்து ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்து, "இதையும் கேட்டுப் பாருங்க" என்றார்.

அவருடைய சொந்த அலமாரி வரை கோண்டோ அம்மாள் வரவில்லை. அங்கே இதுவரை வாங்கிய எல்லாச் செல்போன்களின் காலி அட்டைப்பெட்டிகளும் அடுக்கி இருக்கின்றன. ஒரு பிஸ்கட் டின் நிறைய ஒயர்கள். எது எந்தக் கருவிக்கு என்று அந்தக் கருவியைச் செய்தவனுக்கும் தெரியாது. "ஒரு நாள் உதவும்" என்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டில் தினமும் உதவுகிறது என்று யாரும் அவரிடம் வாதாடவில்லை.

துணிப்பை கதையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. இவர் மீண்டும் மஞ்சள் பைக்குப் போகாமல், இயற்கைப் பருத்தியில் நெய்த, பூமியைக் காக்கச் சொல்லி ஆங்கிலத்தில் அச்சடித்த பை ஒன்றை 450 ரூபாய்க்கு வரவழைத்தார். அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் வந்து சேர்ந்தது. அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கல்யாணத் தாம்பூலப் பைகள் ஒரு கட்டுத் தொங்குகின்றன. அதில் ஒரு பையில் பெயர் அச்சான தம்பதிக்குப் பிள்ளை பிறந்து அது கல்லூரிக்குப் போகிறது. பையின் தையல் இன்னும் விடவில்லை.

சமையலறைக்கு வருவோம். உண்மையான போர்க்களம் அதுதான். நான்-ஸ்டிக் தவா விஷம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாகி, புதன்கிழமை இரும்புச் சட்டி வந்து இறங்கியது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். வந்ததும் சமைத்துவிட முடியாது, பழக்க வேண்டும். அரிசிக் கஞ்சியை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் தேங்காய் நாரால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடுகாட்டி, வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, மறுபடி கஞ்சி. இதையெல்லாம் மாத்து சார் செய்யவில்லை. எப்படிச் செய்வது என்று காணொளியை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றார். மூன்றாம் நாள் ஒரு சொட்டு ஈரம் தங்கிவிட, சட்டி முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு பூத்தது. மறுபடி முதலிலிருந்து.

இதை ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் அம்மா கேட்டார்: "என்னடா விலை?"

"ரெண்டாயிரத்து நூறும்மா."

"இதே மாதிரி ரெண்டு சட்டியைக் கிலோ கணக்கில காயலான் கடைக்குப் போட்டேன்."

"ஏம்மா போட்டே? எவ்வளவு ஆரோக்கியம் தெரியுமா!"

"தேய்ச்சது நான்டா. ஆரோக்கியம் உங்கப்பாவுக்கும் உனக்கும்தானே."

இரும்பைப் போட்டு எவர்சில்வர் வாங்கி, அம்மியை ஓரம் கட்டி மிக்ஸிக்கு மாறி, விறகை விட்டு கேஸுக்கு வந்த அந்தக் கிழவிதான் அந்த வீட்டில் உருப்படியாக எதையாவது மாற்றியவர் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் அவருக்கு ஒரு வலி குறைந்தது. கை வலி, கண் எரிச்சல், விடியற்காலை எழுந்திருக்கும் வேலை, ஏதோ ஒன்று. மகன் செய்யும் மாற்றங்களில் வலி வேறொருவர் தோளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஈயச் சொம்பு மட்டும் இரண்டே நாள்தான் இருந்தது. ரசத்துக்கு அதைப்போல மணம் எதிலும் வராது என்பது நிஜம். ஆனால் அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளிக்கரைசலை ஊற்றிய பிறகுதான் அடுப்பை மூட்ட வேண்டும். மாத்து சார் தாமே ரசம் வைக்கிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு, சொம்பை அடுப்பில் ஏற்றி, பெருங்காயம் தேடப் போனார். அன்று ரசமும் இல்லை, சொம்பும் இல்லை.

இப்படி வந்தவையும் போனவையும் எங்கே போகின்றன? பரணுக்கு. மாத்து சாரின் அகராதியில் 'தூக்கிப் போட்டுட்டேன்' என்றால் எட்டடி உயரத்துக்குத் தூக்கிப் போட்டார் என்றுதான் பொருள். கீழடிக்காரர்களை அழைத்துவந்து தோண்டினால் அடுக்கடுக்காகக் காலம் தெரியும். மேலே ஏர் ஃபிரையர். அதன் கீழே அந்த ஆர்.ஓ. மெஷின். அடுத்து, கேஸ் விலை ஏறிய வருஷத்து இண்டக்‌ஷன் அடுப்பு. அதற்கும் கீழே அம்மாவின் ஊர் ரேஷன் கார்டுக்கு 2011-க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்ஸி. மற்றதெல்லாம் பழுதாகும்போது அதைத்தான் இறக்கிச் சட்னி அரைக்கிறார்கள், அரைக்கிறது.

இத்தனை ஆராய்ச்சிக்கு நடுவில் அந்த வீட்டில் மாறாத பொருள் ஒன்று உண்டு. குக்கர் கேஸ்கட்.

"ஏங்க, கேஸ்கட் தளர்ந்துபோச்சு" என்று அவர் மனைவி சொல்லி மூன்று பருவம் ஆகிறது. தினமும் காலையில் அதைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் காட்டி, ஃபிரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் வைப்பார். குளிரில் கொஞ்சம் இறுகும். எடுத்து மாட்டினால் இரண்டு விசில் தாங்கும். மூன்றாவதற்குள் கைப்பிடிப் பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். கரண்டிக் காம்பால் மூடியின் தலையில் ஒரு தட்டு. அடங்கும். பருப்பு முக்கால் வேக்காட்டில் வெளியே வரும். புகார் மறுபடி எழுந்தபோது மாத்து சார் நெடுநேரம் யோசித்து, "குக்கரே வேண்டாம்" என்று கல்சட்டி வாங்கிவந்தார். மாக்கல்லில் குடைந்தது; அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும், அருமையான பாத்திரம். ஆனால் காலை எட்டு மணி அவசரத்துக்குத் துவரம்பருப்பை அதில் வேகவைத்தால், சாப்பாட்டுக்கு மத்தியானம் வர வேண்டும்.

கருமித்தனம் என்று சொல்ல முடியாது. இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டி வாங்குகிறவர் இருநூறு ரூபாய்க்குள் முடிகிற ரப்பர் வளையத்துக்கா யோசிப்பார்? விஷயம் வேறு. கேஸ்கட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதில் பாரம்பரியம் கிடையாது, எதிர்காலம் கிடையாது, பூமியைக் காப்பாற்றும் பெருமையும் கிடையாது. "நேத்து கேஸ்கட் மாத்தினேன் சார்" என்று லிஃப்டில் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஒழுகும் குழாயின் வாஷரும், இழுத்துச் சாத்தினால் மட்டும் பூட்டும் குளியலறைத் தாழ்ப்பாளும், மொக்கையாகிப்போன அரிவாள்மனையும் அதே காரணத்துக்காக அந்த வீட்டில் தீர்க்காயுசாக இருக்கின்றன. அவற்றைத் தினமும் கையால் தொடுகிறவர் ஒருவர், எதை மாற்றலாம் என்று முடிவெடுப்பவர் இன்னொருவர்.

ஆகவே, உங்கள் வீட்டில் மாத்து சார் இருந்தால் அவரிடம் வாதாட வேண்டாம். நீங்களே மாத்து சாராக இருந்தால் இன்று சாயங்காலம் கிளம்புங்கள். குக்கர் எந்த கம்பெனி, எத்தனை லிட்டர், மூடி வெளியே அமர்வதா உள்ளே போய் மாட்டுவதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெளி மூடிக் கேஸ்கட் உள் மூடிக்குப் பொருந்தாது. முடிந்தால் பழைய கேஸ்கட்டையே கையில் கொண்டுபோங்கள். ஃபிரீசரில் இருக்கும்.