உப்பின் மேல் பழி

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில், கிளியனூர்ப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருமினால், உரிமையாளர் மரக்காணம் உப்பளக் காற்றைத்தான் திட்டுவார். உப்பளத்துக்கு அந்தப் பாவம் வேண்டாம்; குற்றவாளி வண்டிக்குள்ளேயே இருக்கலாம்.

1989-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 964 ஸ்போர்ட்ஸ் காரையே பாருங்கள்: சிலிண்டர் 6, ஸ்பார்க் பிளக் 12, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் 2. முதலாவதை எஞ்சின் சுழற்றும். இரண்டாவதை ஒரு சுண்டைக்காய் பெல்ட் சுழற்றும். உள்ளே தெறிக்கும் பொறி ஓசோனை உண்டாக்க, ஓசோன் பெல்ட்டைத் தின்னும். அறுந்தாலும் வண்டி ஓடும், மீதி ஆறு பிளக்கின் புண்ணியத்தில். இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலாமல் நின்றுபோன ரோட்டரோ தப்பான சிலிண்டருக்குப் பொறி அனுப்பி எஞ்சினுக்கே உலை வைக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காற்றோட்டம் வேண்டும் என்ற ஞானம் ஜெர்மனியில் பிற்பாடுதான் பிறந்தது.

பெல்ட் மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி, பின்னைத் தட்டி, தண்டை உருவி, இரண்டு ரோட்டரையும் ஒரே திசை பார்க்க வைக்க வேண்டும். ஏறத்தாழ ஜாதகப் பொருத்தம்தான். பெல்ட் விலை கூலியின் காலடியில் கிடக்கும்.

அம்பாசடரில் கைபழகிய மெக்கானிக்கிடம் இதை விளக்கிப் பாருங்கள்.

“ரெண்டாவது எதுக்கு சார்?”

“பெட்ரோல் நல்லா எரியறதுக்கு.”

“எரியுது சார், உங்க வயிறு.”