சால்வைக்கு முன் ஒரு நாற்காலி

கேள்வி: எங்கள் ஆலையில் முப்பது வருட அனுபவசாலி ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்தானே?

பதில்: தெரிந்ததை எழுதித் தந்துவிடுவார். தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்ததை எப்படி எழுதுவார்? அமெரிக்காவின் டபிள்யூ-76 அணுகுண்டில் ஃபாக்பேங்க் என்றொரு பொருள் உண்டு. டென்னசியிலுள்ள ஒய்-12 ஆலையில் 1989 வரை தயாரானது. 2000-க்குப் பிறகு பழைய குண்டுகளைப் புதுப்பிக்கப் போனால், குறிப்புகள் போதவில்லை; செய்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். புதுக் கூடம் கட்டி, கோடிக்கணக்கில் டாலரைக் கொட்டியும் சரக்கு சரியாக வரவில்லை. கடைசியில் பிடிபட்ட காரணம் வேடிக்கையானது. பழைய மூலப்பொருளில் ஏதோ அழுக்கு இருந்திருக்கிறது. புது முறை அதைச் சுத்தமாக நீக்கிவிட்டது. அந்த அழுக்குதான் தேவை! பழைய ஆட்களுக்கும் இது தெரியாது.

'அப்படியானால் எழுதவே வேண்டாமா?' என்று குதிக்காதீர்கள். பழைய பதிவுகளைப் புரட்டியதால்தான் அந்த அழுக்கே அகப்பட்டது. 'பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு மட்டும் அழுக்கு தெரிந்துவிடுமா?' என்பது நியாயமான கேள்வி. தெரியாதுதான். ஆனால் வேலை விட்டுப்போகாமல் கைமாறியிருந்தால், சுத்திகரிப்பை மாற்றிய வாரமே சரக்கு கெடுவதைக் கண்டிருப்பான். ஒரு வேலைக்கு இரண்டு சம்பளமா என்று உங்கள் அக்கவுண்ட்ஸ்காரர் முகம் சுளிப்பார். ஃபாக்பேங்க் செலவைக் காட்டுங்கள். சால்வை, மாலைக்கு வசூல் தொடங்கும் முன், ஓய்வு பெறுபவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஓயாமல் 'ஏன்?' கேட்கும் இளைஞர் ஒருவரை உட்கார வையுங்கள்.