சன்னல்வழித் துண்டும் சமூக ஒழுங்கும்: ஒரு கள ஆய்வு

பேருந்து நிற்பதற்குள் சன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடிக்கும் வழக்கத்தைச் சமூகவியல் இதுவரை உரிய மரியாதையோடு அணுகவில்லை. பொது இடத்தில் 'இது என் எல்லை' என்று காட்ட மனிதர்கள் வைத்துவிட்டுப் போகும் பொருள்களைப் பற்றி சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1971இல் விரிவாக எழுதினார். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாலை மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் வண்டி உள்ளே நுழைவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நமது கருதுகோள்: பொருள் உடலோடு எவ்வளவு ஒட்டியதோ, உரிமையும் அவ்வளவு உறுதி. இங்கே பொருள் சாரா மாறி, இடம் தங்கும் நேரம் சார்ந்த மாறி. நாளிதழ் மிகவும் பலவீனமானது. எடுத்துப் பிரித்து, அதே இருக்கையில் அமர்ந்தே படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டில் உருண்டுபோய் அடுத்தவருக்கு உரிமை வழங்கிவிடும். துண்டு வலுவானது, வியர்வையில் நனைந்திருந்தால் இன்னும் வலு. உச்சத்தில் இருப்பது குழந்தை. கீழிருந்து தகப்பன் நீட்ட, உள்ளே இருப்பவர் யார் பிள்ளை என்றும் கேட்காமல் வாங்கி உட்கார வைக்கிறார். அது வீறிட ஆரம்பித்தால் பக்கத்து இருக்கையும் சேர்ந்து கிடைக்கும்.

சமூக உண்மை என்பது தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்துவது என்றார் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் (1895). துண்டை ஒருவர் ஓரமாக நகர்த்திப் பார்க்கட்டும். துண்டுக்காரர் இன்னும் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பார். மூன்று வரிசை பின்னால், இந்த வழக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பாட்டியிடமிருந்து வரும் தீர்ப்பு: "ஏப்பா, துண்டு கெடக்குறது கண்ணுக்குத் தெரியல?" சட்டம் பாட்டி பக்கம் இல்லை. நடத்துநரும், "ஆள் உக்காந்தாத்தான் சீட்டு, துண்டுக்கு எவன் டிக்கெட் குடுப்பான்?" என்கிறார். ஆனாலும் நகர்த்தியவர் துண்டை இருந்த இடத்திலேயே வைக்கிறார். சம்பளம் வாங்காத இந்தப் பாட்டிகள் இல்லையென்றால் துண்டு வெறும் துணிதான்.

மீறிப் பார்த்தால்தான் நெறி தெரியும் என்பது சமூகவியலாளர் ஹரால்டு கார்ஃபிங்கலின் வழி. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களில் தம் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்களிடம் காரணம் எதுவும் சொல்லாமல் இடம் கேட்கச் சொன்னார். கேட்கப்பட்டவர்களில் 68 விழுக்காட்டினர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. மில்கிராமுக்கே வார்த்தை தொண்டையில் சிக்கியதாம். அவர் தம் மாணவர்களை மாட்டுத்தாவணிக்கு அனுப்பியிருந்தால் பிசைவது வயிற்றோடு நின்றிருக்குமா என்பது ஐயமே.

முறையியல் சிக்கல்கள் இரண்டு. உட்கார்ந்திருப்பவர்களை நேர்காணல் செய்தால், துண்டு முறை நியாயமானது என்று ஒருமனதாகச் சொல்கிறார்கள். தோற்றவர்கள் படிக்கட்டில் தொங்குகிறார்கள்; வினாத்தாள் நிரப்ப அவர்களிடம் கை மிச்சமில்லை. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியும் அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று தவறாகக் கணித்தது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியலையே பெரிதும் நம்பியதன் விளைவு. இடம் கிடைத்தவர்களிடம் மட்டும் இடத்தைப் பற்றிக் கேட்பதும் அதே ரகம்.

அடுத்தது ஹாத்தோர்ன் விளைவு: கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள். குறிப்பேடும் பேனாவுமாக ஆய்வாளர் ஏறியதும் பயணிகள் பயணச்சீட்டை எடுத்து நீட்டினார்கள். பரிசோதகர் என்ற நினைப்பு. ஒருவர் எழுந்து இடமும் கொடுத்தார். தரவின் தூய்மை கெட்டாலும் ஆய்வாளர் உட்கார்ந்துகொண்டார்.

அந்நேரம் கீழிருந்து நேரக் காப்பாளர் குரல் கொடுத்தார்: "இந்த வண்டி போகாது, பின்னாடி நிக்கிறதுல ஏறிக்கங்க!" நெறிகள் ஒரே நொடியில் செல்லாமல் போகும் இந்நிலைக்குத் துர்க்கைம் வைத்த பெயர் அனோமி. அது நீடித்த காலம், பின்னால் நின்ற வண்டியின் சன்னல்களில் முதல் துண்டு விழும்வரை. அதை எறிந்தவர் பாட்டி.