நிரந்தரம் கேட்டால் நாஷ்டா

குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்கு விட சென்னை மாநகராட்சி முடிவெடுத்த மண்டலங்களில் இரண்டு: ராயபுரம், திரு.வி.க. நகர். ஆமாம், 1918-இல் பி.பி.வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தெடுத்த அதே திரு.வி.க.தான். பேரை மட்டும் இன்னும் காண்ட்ராக்டில் விடவில்லை.

24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மண்டலங்களில் வருஷக்கணக்காகத் தெரு கூட்டியவர்கள் அதை நம்பி, 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். அமைச்சர்கள், மேயர் எனச் சுற்றுச் சுற்றாகப் பேச்சுவார்த்தை. சுற்றியதுதான் மிச்சம். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் நடைபாதையைக் காலி செய்யச் சொன்னது. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அள்ளுகிறவர்களையே அள்ளுவதற்கு அன்று ஆள் பற்றாக்குறையே இல்லை!

மறுநாள் அமைச்சரவை கூடிச் சில சலுகைகளை அறிவித்தது. அதில் ஒன்று, இலவசக் காலை உணவு. கேட்டது வேலைக்கு உத்தரவாதம். கிடைத்தது வயிற்றுக்கு உத்தரவாதம். பொங்கலைக் குறை சொல்லவில்லை. ஆனால் 480 நாள் கணக்கை இட்லியில் தீர்க்க முடியாதே.

இந்த ஊரில் குப்பைதான் நிரந்தரம். அள்ளுகிறவர் தற்காலிகம்.