மரம் பார்க்கும் படலம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதாவதொரு கம்பெனியின் க்யூசியில் இவர் இருப்பார். அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் வீசுவதுதான் உத்தியோகம். இப்போது சொந்தக் கையால் பேஸ் கிடார் செய்யக் கிளம்பியிருக்கிறார். கிளம்பி எத்தனை நாளாச்சு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; மரமே இன்னும் அமையவில்லை.

லியோ பெண்டர் 1951ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு உடம்பு ஆஷ், கழுத்து மேப்பிள் என்பது இவருக்கு மனப்பாடம். ஜி.என்.டி. ரோட்டு மரவாடியில் போய் நின்றால், கேள்வி வேறு.

“வாசக்காலா சார், ஜன்னலா?”

“கிடாருங்க. ஒண்ணேமுக்கால் இஞ்ச் கனம். கால் கனஅடிக்குக் கொஞ்சம் மேல வரும்.”

லோடு கணக்கில் விற்கிறவர் மூலையைக் கைகாட்டுவார். “துண்டு அங்க கிடக்கு. பொறுக்கிக்குங்க.”

பொறுக்குவாரா? வெர்னியரை எடுப்பார். ஈரம் பார்க்கிற மீட்டரைக் குத்துவார். விரலால் தட்டிக் காதை வைப்பார். தேக்கா? எண்ணெய்ப் பசை, பசை ஒட்டாது. மலைவேம்பா? நகம் பதிகிறது. பலா வீணைக்கு ஆகுமே என்றால், “வீணையைக் குடைஞ்சுடறாங்க, இது முழுக்கட்டை, என் தோள் என்னாறது?” என்பார். விரல் பலகைக்கு ஈட்டி போதாதா? உலகத்துக் கிடார் கம்பெனிகளே நம்மூர் ஈட்டியைத்தான் தேடுகின்றன. “2017ல சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடு வந்துடுச்சே!” அது நாடு விட்டு நாடு போகிற சரக்குக்கு, 2019ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கும் கொடுத்தாயிற்று என்று சொன்னால் முகம் வாடிவிடும். கிடைத்த சாக்கைப் பிடுங்கலாமா?

பழைய இரும்புக்கடையில், வெளிநாட்டு மிஷின் வந்திறங்கிய பைன் பேலட்டுகளையும் புரட்டியாயிற்று. எச்.டி. முத்திரை இருந்தால் உள்மரம் வரை 56 டிகிரி சூட்டில் அரைமணி வைத்தது, பூச்சி செத்திருக்கும். நல்லதுதானே? “ஆணி ஓட்டை.” ரிஜெக்ட்.

கழுத்து மரத்தில் இவர் பிடிவாதம் நியாயமே. நாலு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். ரேகை நேராக ஓடாத மரம் வளைந்துகொடுத்துவிடும். உடம்பு விஷயம் வேறு. கம்பி அதிர்வதைக் காந்தப் பிக்கப் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. இதில் மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று வாசிக்கிறவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இவரிடம் அதைச் சொன்னவர்கள் கடைசி ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

போன பொங்கலுக்குத் திருவள்ளூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனார். கூடத்தில் பர்மா தேக்கு ஊஞ்சல், அதன்மேல் பெரியப்பா.

“கொஞ்சம் எழுந்திரிங்க பெரியப்பா. நீங்க உக்காந்தா சத்தம் அமுங்குது.”

தட்டினார். மீட்டர் வைத்தார். தேக்கென்றால் பசை ஒட்டாது என்ற பேச்சே எழவில்லை. முதன்முறையாக ஒரு மரம் பாஸ்.

“நான் இருக்கிறவரைக்கும் இதுல கை வைக்கக் கூடாதுடா.”

“அவசரமே இல்ல பெரியப்பா. இன்னும் கொஞ்சம் காயட்டும்.”