தேசிய மீசை

ராணிப்பேட்டை டேனரிக்கு வந்த தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரை நீக்குவார்கள், தோலை வைத்துக்கொள்வார்கள். 2019-இல் டில்லிக்காரர்கள் இந்தத் தொழிலைத் தலைகீழாகச் செய்தார்கள். ஆளை விட்டுவிட்டு மயிரை வைத்துக்கொண்டார்கள்.

ஆள், அப்போது விங் கமாண்டராக இருந்த அபிநந்தன் வர்த்தமான். நமக்கு ஒன்றும் அசலூர் இல்லை. பாலாற்றைத் தாண்டிச் செய்யாறு பக்கம் போனால் திருப்பணமூர், அவர் குடும்பத்தின் ஊர். பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானோடு நடந்த வான்சண்டையில் அவருடைய மிக்-21 வீழ்ந்தது. பாராசூட்டில் அந்தப் பக்கம் இறங்கி, அங்கிருந்த கூட்டத்திடம் அடி வாங்கி, ரத்தம் வழிந்த முகத்தோடு கேமரா முன் நின்றார். எந்த விமானம் ஓட்டினாய் என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்தார். மார்ச் 1 இரவு அட்டாரி எல்லையில் நடந்தே வந்தார்.

முதுகும் விலா எலும்பும் அடிபட்ட மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, அவர் முகம் ஓட்டு கேட்கக் கிளம்பிவிட்டது. படைவீரர் படங்களைப் பிரசாரத்தில் போடாதீர்கள் என்று மார்ச் 9 அன்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு நினைவூட்ட வேண்டி வந்தது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்ட படத்தை எடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? ஜூன் மாதம் மக்களவையில் காங்கிரஸ் குழுத் தலைவர் அதிர் ரஞ்சன் சவுத்ரி, அபிநந்தன் மீசையைத் தேசிய மீசையாக அறிவிக்கக் கேட்டார். அங்கதம் எழுதிப் பிழைப்பவன் வயிற்றில் இப்படியா அடிப்பது! கராச்சி விமானப்படை அருங்காட்சியகமோ அவரைப் பொம்மையாக்கி, பக்கத்தில் டீ கப்பும் வைத்தது. மீசை விஷயத்தில் மட்டும் இரண்டு நாடுகளுக்கும் ஒரே ரசனை.

அதே பிப்ரவரி 27 காலையில், பட்காமில் நம் எம்.ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேர் செத்தார்கள், தரையில் நின்ற ஒருவரும் செத்தார். தேர்தல் மே மாதம் முடிந்தது. "எங்கள் தவறு" என்று விமானப்படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னது அக்டோபரில். அந்த 6 பேர் முகத்தை எந்தப் போஸ்டரில் பார்த்தீர்கள்?

எங்கள் மாவட்டத்து அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. அங்கிருந்து பி-8ஐ விமானத்தில் கடலைக் காக்கக் கிளம்பும் தம்பிகளே, உங்களுக்கு ஒரு யோசனை. மாட்டுவதானால் தேர்தலுக்கு முன்னால் மாட்டுங்கள். கேமரா உள்ள இடமாகப் பார்த்து விழுங்கள். மீசையை இப்போதே வளர்க்க ஆரம்பியுங்கள்.

இந்த சூட்சுமம் ஃபிளைட் லெப்டினன்ட் விஜய் தாம்பேக்குத் தெரியவில்லை. கேமரா இல்லாத 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில் போய் விழுந்தார். பிடிபட்ட விமானிகளில் ஒருவர் என்று அங்கத்திய பத்திரிகையே அவர் பெயரை எழுத்துப்பிழையோடு அச்சிட்டது. மனைவி தமயந்தி பேட்மின்டன் தேசிய சாம்பியன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2007-இல், காணாமல் போனவர்களின் உறவினர்களோடு பாகிஸ்தானுக்குப் போய்ச் சிறைகளில் தேடினார். கிடைக்கவில்லை. அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்பதே பாகிஸ்தானின் பழைய பல்லவி. நம் அரசு நீண்ட காலம் சொன்ன கணக்கில் இப்படி 54 பேர். அந்தப் போரில் சரணடைந்த சுமார் 93,000 பாகிஸ்தானியரைச் சோறு போட்டு அனுப்பிவைத்த தேசம், தன் 54 பேரைக் கேட்டு வாங்கத் துப்பில்லாமல் போனது. 60 மணி நேரக் கைதிக்கு மேளம் அடித்த டி.வி.க்காரர்களுக்கு, 50 வருஷக் கைதிகள் செய்தியே இல்லை.

அபிநந்தனை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செப்டம்பரிலேயே மறுபடி மிக்-21 ஏறினார், 2021-இல் வீர் சக்ரா வாங்கினார், தன் வேலையைப் பார்த்தார்.

அடுத்த தேர்தலுக்கு ராணிப்பேட்டை முத்துக்கடையில் மைக் பிடித்துப் படைவீரர் பெயரால் ஓட்டு கேட்க வருவார்கள். பட்காமில் செத்த 6 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புங்கள்.