ஆரன் அடிக்குதாண்ணே?

எங்கள் மாவட்டத்துக்கும் என் புல்லட்டுக்கும் ஒரே வயசு. 1996-ல் மதுரையிலிருந்து தேனி பிரிந்தது. அதே வருஷம் அப்பாவின் சேமிப்பிலிருந்து ஒரு பெருந்தொகை பிரிந்து இந்த வண்டியாக வீட்டுக்கு வந்தது. மாவட்டத்துக்கு வயசு ஏற ஏற வசதி கூடியது. வண்டிக்கு வயசு ஏற ஏற எனக்கு வசதி குறைந்தது.

அந்தக் காலத்துப் புல்லட் என்பதால் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதில் ஏறினால், கியர் மாற்றுவதாக நினைத்துப் பிரேக்கை மிதிப்பார்கள். அதனால் இரவல் கேட்டு யாரும் வருவதில்லை. திருடனும் வந்ததில்லை.

அப்பா போனபிறகு வண்டிக்கு நான் செய்கிற ஒரே பராமரிப்பு ஆயுத பூஜைதான். போன ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன். சீட்டைக் கழற்றி, பேட்டரியைக் கழற்றி, சட்டம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். போல்ட் துளை, வாஷர் உட்காரும் இடம் என்று ஒரு மூலையை விடவில்லை. பெயிண்ட் காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தேன். தெருவே பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த மாதம் குமுளியில் ஒரு காதுகுத்து. மாப்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கம் அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். மரியாதை அவ்வளவோடு சரி.

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் மலைப்பாதையில் லோயர் கேம்ப் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். இரைச்சல் பாலத்துக்கு மேலே ஒரு வளைவில் வண்டியின் இரைச்சல் நின்றது. இருமல் இல்லை, திக்கல் இல்லை, பேசிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தியதுபோல. ஆரனை அமுக்கினேன். ஊமை. லைட்டைப் போட்டேன். குருடு. ஆம்மீட்டர் முள் நட்டநடுவில் தியானத்தில் இருந்தது.

புல்லட்டில் கரண்ட் இல்லாமலும் வேலை செய்கிற உறுப்பு பிரேக். அதை நம்பி, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கினோம். மலை வளைவில் ஆரன் இல்லாமல் எப்படி இறங்குவது? மாப்பிள்ளை தொண்டையைக் கொடுத்தான். ஒவ்வொரு வளைவிலும், "ஓரம்... ஓரம்..." என்று கத்தினான். மேலே ஏறி வந்த ஒரு பஸ் டிரைவர், கோயில் திருவிழாக் கூட்டம் என்று நினைத்தாரோ என்னவோ, நிஜமாகவே ஒதுங்கி நின்று வழிவிட்டார். பதிலுக்கு அவர் அடித்த ஏர் ஆரனில் பாதி வளைவு வரை மாப்பிள்ளை ஊமையாகிவிட்டான்.

லோயர் கேம்ப் டீக்கடை வாசலில் வண்டி தானாக நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வருகின்றன. கீழே பெரியாறு மின் நிலையம். பென்னிகுவிக் என்ற வெள்ளைக்காரர் 1895-ல் அணையைக் கட்டி முடித்து, மேற்கே போன ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் எங்கள் சோறும். வயலுக்குப் போகிற வழியில் அதே தண்ணீர் இங்கே சக்கரத்தைச் சுற்றி 161 மெகாவாட் வரை மின்சாரமும் கொடுக்கிறது. அதாவது 16 கோடியே 10 லட்சம் வாட். என் வண்டியின் முன்விளக்கு 35 வாட். வகுத்துப் பார்த்தேன்: 46 லட்சம் புல்லட்டுகளுக்கு விளக்கு எரிக்கலாம். அந்த வாசலில் ஒரே ஒரு புல்லட் இருட்டில் நின்றது. அந்த மனுஷன் ஒரு மலையைத் தாண்டி ஆற்றையே கொண்டுவந்தார். என்னால் சீட்டுக்கு அடியிலிருந்து டேங்குக்கு அடி வரை ஒன்றரை அடி தூரத்துக்குப் பன்னிரண்டு வோல்ட்டைக் கொண்டுபோக முடியவில்லை.

வண்டி நின்ற இடத்தில் வைத்தியர்கள் முளைப்பது நம் ஊர் வழக்கம்.

"பெட்ரோல் இருக்கா?" என்றார் முதலாமவர். நான் பதில் சொல்லுமுன் டேங்கைப் பிடித்து ஆட்டி, களக் களக் சத்தம் கேட்டபிறகுதான் என்னை நம்பினார்.

"பிளக்கைக் கழட்டுங்க" என்றார் இரண்டாமவர். தமிழ்நாட்டில் எந்த வண்டி எதற்காக நின்றாலும் முதல் தண்டனை பிளக்குக்குத்தான். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காதுகுத்துக்காக நான் கட்டியிருந்த புது வேட்டியில் துடைத்து மாட்டினார். பளபளப்பான பிளக், கறுப்பான வேட்டி, அசையாத வண்டி.

"பிளாட்டினம் கருகியிருக்கும். இல்லாட்டி கண்டன்சர்" என்றார் மூன்றாமவர். "எலி வயரைக் கடிச்சிருக்கும்" என்றார் நாலாமவர். கொய்யாப்பழம் விற்ற பாட்டி மட்டும், "இதை வித்துப்புட்டு ஸ்கூட்டி வாங்குப்பா. பட்டனை அமுக்குனா போகுதாம்ல" என்றார். அன்று கேட்ட யோசனைகளில் செலவு அதிகமானது அது. உண்மையும் அதில்தான் அதிகம்.

நானும் என் பங்குக்குக் கண்ணாடி பியூஸை எடுத்து வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. எனக்குத் தெரிந்த எலக்ட்ரிகல் அத்துடன் முடிந்தது. மீதி நேரம் கிக்கரை உதைத்தேன். புல்லட்டைச் சும்மா உதைக்கக் கூடாது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் பிளாட்டினம் மூடித் திறக்கும்போது ஆம்மீட்டர் முள் இறங்கி ஏறும். அதைப் பார்த்து உதைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு முள் துளிகூட அசையவில்லை. பேட்டரியை விட்டுக் கரண்ட் வெளியிலேயே வரவில்லை என்று வண்டி அந்த முள்ளாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் காதில் வாங்காமல் உதைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டீ குடிக்க இறங்கிய டிரைவர் என் வேட்டியைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். மற்றவர்களைப் போல வண்டியைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆரன் அடிக்குதாண்ணே?"

"இல்லப்பா."

"லைட்டு?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் பிளக்கை எதுக்குண்ணே கழட்டுனீங்க? ஆரன் அடிச்சு வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகலைன்னா காயிலு, பிளாட்டினம், பிளக்குன்னு போகலாம். எல்லாம் ஒண்ணாப் போச்சுன்னா, எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறதுதானே போயிருக்கணும்? பேட்டரி, பியூஸ், ஆம்மீட்டர், சாவி, எர்த். அஞ்சே எடம்தான்."

இரண்டாமவர் உப்புத்தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் ஜீப்பிலிருந்து ஒரு இண்டிகேட்டர் பல்பை எடுத்து வந்தார். அதில் இரண்டு வயர் தொங்கியது. இவ்வளவுதான் அவருடைய மொத்தக் கருவி. ஒரு வயரைப் பேட்டரியின் பிளஸ்ஸில், இன்னொன்றை மைனஸ்ஸில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "பேட்டரி நல்லாருக்கு." பிளஸ்ஸில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, மைனஸ்ஸில் இருந்ததை எடுத்து எஞ்சினில் வைத்தார். பல்பு எரியவில்லை. "எர்த்து இல்லண்ணே. கரண்ட் போறதுக்கு வழி இருக்கு, திரும்பி வர்றதுக்கு வழி இல்ல."

பேட்டரியின் மைனஸ்ஸிலிருந்து கிளம்பும் எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனார். அது வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட் லேசாக ஆடியது. கழற்றினார். அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்.

"எந்தப் புண்ணியவான்ணே எர்த்து உக்கார்ற எடத்துல பெயிண்ட் அடிச்சது?"

நான் குழாய்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான்.

பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. ஒரு மாதமாகப் போல்ட்டின் மரை மட்டும் எங்கேயோ சட்டத்தில் உரசி வண்டியைக் காப்பாற்றி வந்திருக்கிறது. புல்லட்டின் அதிர்வில் போல்ட் தளர்ந்ததும் அந்த உரசலும் விட்டுப்போனது. ஜீப்காரர் திருப்புளி முனையால் பெயிண்டைச் சுரண்டினார். ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வெள்ளையாக இரும்பு தெரிந்தது. வயரை வைத்து முறுக்கினார். மாப்பிள்ளை இவ்வளவு நேரமும் ஆரன் பட்டனில் விரலை வைத்தபடியேதான் நின்றிருக்கிறான். திடீரென்று அது அலறியதில் டீ மாஸ்டர் ஒரு கிளாஸைக் கீழே போட்டார். அதற்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

ஜீப்காரர் காசு வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார். அவருடைய ஜீப்பைச் சரிவாகப் பார்த்து நிறுத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதில் செல்ஃப் வேலை செய்யாதாம். உருட்டித்தான் ஸ்டார்ட் செய்வாராம். "நம்ம வண்டியப் பாக்க எங்கண்ணே நேரம்?" என்றார்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று தேனி வரை முன்விளக்கு எரிந்தது. வழியில் எதிரே ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நான் ஆரன் அடித்துக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளைக்கு மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வண்டி நின்றால் பிளக்கில் கை வைக்காதீர்கள், முதலில் ஆரனை அடித்துப் பாருங்கள். அடிக்காவிட்டால் அந்த ஐந்து இடங்களைப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு இண்டிகேட்டர் பல்பும் இரண்டு முழம் வயரும் போட்டு வையுங்கள். வருகிற ஆயுத பூஜைக்கும் நான் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறேன். அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் சந்தனம்கூடக் கிடையாது.